நோயாளியின் பெயர்

தருமபுரிப் பேருந்து நிலையத்திலிருந்து விடியற்காலையில் சேலத்திற்குப் புறப்படும் வண்டிகளில், மாதம் ஒருமுறை தவறாது பயணம் செய்யும் சிலரை நான் அறிவேன். அவர்களுக்கு வேண்டிய மருந்து தம் வீட்டிற்கு அண்மையிலேயே அரசுச் செலவில் கிடைக்கும். ஆயினும் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்து, தொப்பூர்க் கணவாயைத் தாண்டி வேற்றூரில் போய் வரிசையில் நிற்கின்றார்கள். காரணம் கேட்டபோது ஒருவர் சுருக்கமாகச் சொன்னார்: “சாமி, இங்க மருந்து வாங்குற எடத்துல எங்க ஊர்க்காரன் ஒருத்தன் நின்னாப் போதும். அன்னிக்குச் சாயங்காலமே ஊருக்கே தெரிஞ்சிடும்.” அவருடைய ஊரையும் வயதையும் தொழிலையும் நான் இங்கே எழுதப்போவதில்லை. இக்கட்டுரையின் பொருளே அதுதான்.

நோயாளியின் உடலைப் பற்றி மருத்துவர் அறிந்ததைப் பிறர் அறியலாகாது என்பது சட்டங்களுக்கெல்லாம் முந்திய நெறி. கிரேக்க நாட்டு இப்போக்கிரத்தீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியில், மருத்துவம் செய்யும்போது கண்டதையும் கேட்டதையும் வெளியே சொல்லாமல் காப்பேன் என்னும் வாக்கு இடம்பெறுகிறது. நம் நாட்டுச் சரக சங்கிதையின் விமானத்தானத்தில், மாணவனுக்குத் தீட்சை அளிக்கும் ஆசிரியர் அவனுக்கு இடும் கட்டளைகளுள் ஒன்று, நோயாளியின் வீட்டுச் செய்திகளை வெளியில் கொண்டு செல்லாதே என்பதாகும். வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுத்தபோது நோயாளியையே முதலில் வைத்தார். மருத்துவரும் மருந்தும் பணிவிடை செய்பவரும் அவருக்குப் பின்னரே வருகின்றனர். நோயின் உரிமையாளர் நோயாளியே என்னும் எண்ணம் இவ்வரிசையில் இருப்பதாக எனக்குத் தோன்றுவதுண்டு. உரையாசிரியர்கள் இதனை ஏற்பார்களா என்பது வேறு.

ஆனால் நெறி வேறு, சட்டம் வேறு. நெறியை மீறியவன் வெட்கப்படுவான். சட்டத்தை மீறியவனே தண்டிக்கப்படுவான். குருக்களைப் பொறுத்தவரை இவ்விரண்டும் வெகு காலத்திற்கு முன்பே ஒன்றாயின. 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்டதை வெளியிடும் குருவைப் பணியினின்று நீக்கி, வாழ்நாள் முழுவதும் கடுந்தவம் புரியத் துறவு மடத்தில் அடைக்க வேண்டும் என விதித்தது. மருத்துவருக்கு அத்தகைய சட்டம் வர மேலும் அறுநூறு ஆண்டுகள் ஆயின. அதுவும் எல்லா நாடுகளிலும் வரவில்லை.

1776-இல் இலண்டன் பிரபுக்கள் அவையில் கிங்ஸ்டன் கோமகளின் மீது ஒரு வழக்கு நடந்தது. கணவர் ஒருவர் இருக்க இன்னொருவரை மணந்தார் என்பது குற்றச்சாட்டு. அக்குடும்பத்தின் அறுவை மருத்துவரான சீசர் ஹாக்கின்ஸ் சாட்சிக் கூண்டில் ஏற்றப்பட்டார். தொழில் வழியாக நம்பிக்கையில் அறிந்ததைச் சொல்ல நான் கடமைப்பட்டவனா என்று அவர் கேட்டார். கடமைப்பட்டவர்தான் என்றார் மான்ஸ்ஃபீல்டு பிரபு. தானாக முன்வந்து சொன்னால் மானக்கேடு, நீதிமன்றம் கேட்டுச் சொன்னால் குற்றமில்லை என்பது அவர் தந்த விளக்கம். கடலின் மறுகரையில் நிலைமை நேர் எதிரானது. நெப்போலியன் காலத்தில், 1810-இல் வெளியான பிரெஞ்சுத் தண்டனைச் சட்டத்தின் 378-ஆம் பிரிவு, நோயாளியின் இரகசியத்தை வெளியிடும் மருத்துவரைத் தண்டனைக்குரியவர் ஆக்கியது.

நமக்கு வாய்த்தது ஆங்கிலேயரின் வழி. ஜேம்ஸ் ஃபிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872-ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், 122-ஆம் பிரிவில் கணவன் மனைவியிடையே பேசப்பட்டதற்குப் பாதுகாப்புத் தந்தது. 126-ஆம் பிரிவில் வழக்கறிஞரிடம் கட்சிக்காரர் சொன்னதற்குப் பாதுகாப்புத் தந்தது. மருத்துவரையும் குருவையும் அது குறிப்பிடவேயில்லை. 2024 சூலை முதல் நாளன்று அச்சட்டத்திற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் மருத்துவர் சேர்க்கப்படவில்லை. சொத்துக்காக வழக்காடுபவன் வக்கீலிடம் சொன்னது காக்கப்படும். உயிருக்காகப் போராடுபவன் மருத்துவரிடம் சொன்னது நீதிபதி கேட்டால் வெளிவரும். நூற்றைம்பது ஆண்டுகளாக இதுவே நிலை.

எனவே இந்திய நோயாளியின் இரகசியத்தைக் காக்கும் சட்டம் சான்றோர் அவையிலோ பல்கலைக்கழகத்திலோ பிறக்கவில்லை. பெயர் வெளிப்பட்டதால் வாழ்விழந்த மனிதர்களின் கதைகளிலிருந்து பிறந்தது. அக்கதை தொடங்கும் இடம் நம் சென்னை.

1985-இன் இறுதியில் சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் சுனிதி சாலமன், தம் மாணவியான செல்லப்பன் நிர்மலாவிடம் ஓர் ஆய்வுப் பொருளைக் கொடுத்தார். எய்ட்ஸ் என்பது மேலைநாட்டு நோய், நம் பண்பாட்டில் அது நுழையாது என்று பலரும் உறுதியாக நம்பிய காலம் அது. நிர்மலாவுக்கும் தம் ஆய்வில் எதுவும் கிடைக்கும் என்ற எண்ணம் இல்லை. பாலியல் தொழிலில் சிக்கிய பெண்கள் அடைக்கப்பட்டிருந்த காப்பகத்திற்குச் சென்று இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவற்றைத் தம் வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்தார். 1986 பிப்ரவரியில், கணவருடன் இரவு இரயிலில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டு சென்றார். அங்கே மருத்துவர் ஜேக்கப் ஜானின் ஆய்வுக்கூடத்தில் ஆறு மாதிரிகள் மஞ்சள் நிறம் காட்டின. அமெரிக்காவில் மறுபடி சோதித்தபோதும் முடிவு மாறவில்லை. அன்றைய தமிழக நலவாழ்வு அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார், நாடு அதிர்ந்தது.

அறிவியல் வரலாற்றில் இது பெருமைக்குரிய நிகழ்ச்சி. ஓர் இளம் மாணவியின் துணிவு பல்லாயிரம் உயிர்களைக் காத்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. சுனிதி சாலமன் 2015-இல் மறையும்வரை அந்நோயாளிகளின் பக்கமே நின்றார். எனினும் அந்த ஆறு மாதிரிகளுக்கு உரியவர்களைப் பற்றி நான் நினைப்பதுண்டு. எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்று அப்பெண்களிடம் சொல்லப்படவில்லை என நிர்மலாவே பின்னாளில் நேர்மையோடு கூறியிருக்கிறார்; சொல்லியிருந்தாலும் அவர்களுக்கு அது விளங்கியிராது என்பது அவர் தந்த காரணம். இசைவு பெற்றுச் சோதிக்க வேண்டும் என்னும் எண்ணமே வழக்கத்தில் இல்லாத நாட்கள் அவை. பின் வந்த ஆண்டுகளில், நோய் கண்ட பெண்கள் தண்டனைக் காலம் முடிந்த பின்னரும் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். 1990-இல் இதழாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்த பிறகே அவர்களுக்குக் கதவு திறந்தது. அதே ஆண்டில் மும்பையிலிருந்து நூற்றுக்கணக்கான தமிழ்ப் பெண்கள் இரயிலில் சென்னைக்கு அனுப்பப்பட்டார்கள். விடுதலை என்று பெயரிட்டு அனுப்பினார்கள். இங்கே அவர்களை எதிர்கொண்டவை காப்பகமும் சோதனையும் செய்தித்தாள்களும்.

கோவாவில் நடந்தது நம் திருஅவை மக்களுக்கு இன்னும் நெருக்கமானது. டொமினிக் டிசூசா என்ற இளைஞர் தவறாமல் இரத்த தானம் செய்து வந்தவர். 1989 பிப்ரவரி 14 அன்று காவல் நிலையத்திற்கு அழைக்கப்பட்டார். காரணம் சொல்லப்படவில்லை. அங்கிருந்து மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டபோதுதான், தமக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அவர் அறிந்தார். மருத்துவர் தனியறையில் சொல்ல வேண்டியதைக் காவல்துறை ஊரறியச் செய்தது. பயன்படாது கிடந்த பழைய காசநோய் மருத்துவமனைக் கட்டடத்தில் 64 நாட்கள் தனியே காவலில் வைக்கப்பட்டார். கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அவருடைய தாய் லூசி டிசூசா மும்பை உயர்நீதிமன்றத்தில் வழக்காடினார். மகனுக்கு இடைக்கால விடுதலை கிடைத்தது. ஆனால் சட்டம் செல்லும் என்றே இறுதித் தீர்ப்பு அமைந்தது. டொமினிக் 1992 மே மாதத்தில் இறந்தார். தானம் செய்தவரின் பெயர் எழுதப்பட்ட பதிவேடே அவரைச் சிறைப்படுத்தும் ஆணையாக மாறியது என்பதுதான் அவ்வழக்கின் கொடுமை. 1989-இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்ட எய்ட்ஸ் தடுப்பு மசோதாவும் கட்டாயச் சோதனை, தனிமைப்படுத்தல் என்ற இதே வழியில்தான் சென்றது. எதிர்ப்பு வலுத்ததால் பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

காற்று மாறத் தொடங்கியது 1997-இல். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் நாட்கூலியாக வேலை செய்த ஒருவர், எச்.ஐ.வி. தொற்று உண்டு எனக் கண்டறியப்பட்டு வேலையை இழந்தார். உழைக்கும் வலிமை உள்ள மனிதரை நோயின் பெயரால் விலக்கியது தவறு என்று மும்பை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கியது. அதைவிட முக்கியமானது, அவர் தம் பெயரை மறைத்து வழக்காட நீதிமன்றம் இசைந்தது. தீர்ப்பில் அவர் இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டுமே. நீதி கேட்க வந்தவன் நீதிமன்ற வாசலில் பெயரைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரலாம் என்பது நம் நாட்டில் புதிய செய்தி.

அடுத்த ஆண்டிலேயே எதிர்த்திசையில் ஒரு தீர்ப்பு வந்தது. அதுவும் சென்னையில் தொடங்கிய வழக்கு. வடகிழக்கு மாநிலம் ஒன்றைச் சேர்ந்த ஒரு மருத்துவர், அறுவை சிகிச்சைக்கு வந்த ஒருவருக்குத் துணையாகச் சென்னைத் தனியார் மருத்துவமனைக்கு வந்தார். நோயாளிக்கு இரத்தம் வேண்டியிருந்தது, கொடுக்க முன்வந்தார். சோதனையில் அவருக்கே தொற்று இருப்பது தெரிந்தது. 1995 டிசம்பரில் நடக்கவிருந்த அவருடைய திருமணம் நின்றது. செய்தி சொந்த ஊரில் பரவியது. ஊரைவிட்டே வெளியேற நேர்ந்தது. மருத்துவமனை என் இரகசியத்தைக் காக்கத் தவறியது என்று அவர் முறையிட்டார். 1998 செப்டம்பர் 21 அன்று உச்சநீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அம்முறையீட்டைத் தள்ளியது. தனிமையுரிமை உண்டு, ஆனால் அது வரம்பற்றதன்று. மணக்க இருந்த பெண்ணின் உயிருக்கும் உரிமை உண்டு. அவளைக் காத்த செயல் குற்றமாகாது என்றது நீதிமன்றம். இவ்வளவோடு நிற்காமல், இத்தகைய நோயாளியின் திருமண உரிமையே நோய் தீரும்வரை நிறுத்திவைக்கப்பட்டதாகும் என்றும் சொல்லிவிட்டது.

அத்தீர்ப்பு வந்தபோது நான் குருப்பட்டம் பெற்று ஓராண்டே ஆகியிருந்தது. சேலத்திலிருந்து பிரிந்து நம் மறைமாவட்டம் உருவான மறு ஆண்டு அது. கோவிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்குமுன் மணமகனின் இரத்தச் சோதனைச் சான்றைக் கேட்டு வாங்குங்கள் என்று பெண்ணைப் பெற்றவர்கள் சிலர் என்னிடம் வந்தார்கள். அவர்களின் அச்சம் எனக்குப் புரிந்தது. நெடுஞ்சாலை ஓரத்து மாவட்டம் நம்முடையது; இலாரியில் போகின்ற மகன்களும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகின்ற மருமகன்களும் நிறைந்த ஊர்கள். பெண் பிள்ளைகளின் பொருட்டுப் பெற்றோர் கேட்பதில் என்ன தவறு என்று அன்று நானும் எண்ணினேன். மூத்த குரு ஒருவர்தான் தடுத்தார். “சான்று உங்க கைக்கு வந்தா, அப்புறம் கல்யாணம் நின்னாலே போதும். ஏன் நின்னுச்சின்னு நீங்க யார்கிட்டேயும் வாயைத் திறக்க வேண்டியதேயில்ல, ஃபாதர்” என்றார். அவர் சொன்னது சரி. மணமக்கள் தாமாகச் சோதித்து, ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி அது. பங்குத்தந்தையின் மேசை அறையில் இருக்க வேண்டிய காகிதம் அன்று.

2002 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு, திருமண உரிமை பற்றிய முந்தைய கருத்துகள் அவ்வழக்கிற்குத் தேவையற்றவை என்று கூறி அவற்றை விலக்கியது. மணப்பெண்ணின் உயிரைக் காக்கச் சொல்லலாம் என்ற பகுதி மட்டும் எஞ்சியது. அதே 2002-இல் இந்திய மருத்துவக் கவுன்சில் வெளியிட்ட நன்னடத்தை விதிகளும் ஏறக்குறைய இவ்வளவையே சொல்கின்றன. தொழிலில் அறிந்த இரகசியத்தை மருத்துவர் வெளியிடலாகாது; நீதிபதி ஆணையிட்டால், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்திற்கோ பெருங்கேடு உறுதியாகத் தெரிந்தால், அறிவிக்க வேண்டிய நோயாக இருந்தால் மட்டுமே விலக்கு.

குருமடத்தில் அறநெறி இறையியல் படித்தவர்களுக்கு இது பழகிய பாடம். கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி நூல் 2491-ஆம் எண்ணில், மருத்துவர் முதலியோரின் தொழில் இரகசியம் காக்கப்பட வேண்டும். மிகக் கொடிய தீங்கு ஒருவருக்கு நேரும் என்றும், உண்மையைச் சொல்வதன்றி அதைத் தடுக்க வேறு வழியில்லை என்றும் இருந்தால் மட்டுமே விலக்கு என்று வகுக்கிறது. திருஅவைச் சட்டத் தொகுப்பின் 220-ஆம் எண் ஒருவரது நற்பெயருக்கு ஊறு செய்வதையும் அவரது தனிமையை மீறுவதையும் தடை செய்கிறது. ஒப்புரவு முத்திரைக்கு இவ்விலக்குகூடக் கிடையாது என்பதை வாசகர் அறிவர். விலக்கு எவ்வளவு குறுகலானது என்பதை நாங்கள் தேர்வுக்காகப் படித்தோம். அதனை யார் அளப்பது, எப்படிச் சொல்வது, யாரிடம் சொல்வது என்பவற்றைப் பாடநூல் சொல்லவில்லை. 1998-ஆம் ஆண்டுத் தீர்ப்பின் குறையும் இதுவே என்பேன். மணப்பெண்ணுக்குச் சொல்லலாம் என்றது. ஊருக்குச் சொன்னது யார் என்று கேட்கவில்லை.

அக்கேள்விக்கு விடை தர முயன்றது 2017-ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம். அதன் வரைவை வழக்கறிஞர் கூட்டமைப்பான ‘லாயர்ஸ் கலெக்டிவ்’, நோயாளர் அமைப்புகளோடு கலந்து உருவாக்கியது. 2006-இல் அரசிடம் தரப்பட்ட வரைவு, 2014-இல்தான் மாநிலங்களவையில் அறிமுகமானது. 2017-இல் நிறைவேறி, 2018 செப்டம்பர் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. ஒரு நோயின் பெயரால் வந்த சட்டமாயினும், நம் நாட்டில் நோயாளியின் இரகசியத்தை இவ்வளவு நுணுக்கமாக எண்ணிப் பார்த்த சட்டம் வேறில்லை.

இசைவின்றிச் சோதிக்கலாகாது என்கிறது 5-ஆம் பிரிவு. காப்பகத்துப் பெண்களுக்குச் சொல்லப்படாதது இப்போது சொல்லப்பட்டேயாக வேண்டும். தன் நோயை வெளியிடுமாறு எவரையும் கட்டாயப்படுத்தலாகாது. நம்பிக்கையில் அறிந்தவர், எழுத்து மூலமான இசைவின்றி அதை வெளியிடலாகாது என்கிறது 8-ஆம் பிரிவு. வழக்காடுபவரின் பெயரை மறைக்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் தருகிறது 34-ஆம் பிரிவு. மிகவும் கருதத்தக்கது 9-ஆம் பிரிவு. வாழ்க்கைத் துணைக்கு ஆபத்து என்று மருத்துவரோ ஆலோசகரோ நியாயமாக நம்பினால், முதலில் நோயாளியே சொல்லுமாறு அறிவுறுத்த வேண்டும். அவர் சொல்லமாட்டார் எனத் தெரிந்தால், நான் சொல்லப்போகிறேன் என்று அவரிடம் தெரிவிக்க வேண்டும். பிறகு அத்துணைவரிடம் நேரில், ஆற்றுப்படுத்தி, சொல்ல வேண்டும். சொல்வதால் ஒரு பெண் அடிபடுவாள், வீட்டைவிட்டுத் துரத்தப்படுவாள் என்ற அச்சம் இருக்குமானால் சொல்லலாகாது. கணவனிடமிருந்து நோயைப் பெற்று, அந்நோய்க்காக அவன் வீட்டாலேயே விரட்டப்பட்ட பெண்களை நம் கிராமங்களில் கண்டவர்களுக்கு, இவ்வரியை எழுதியவர்கள் களத்தை அறிந்தவர்கள் என்பது விளங்கும்.

தண்டனையில்தான் சட்டம் தளர்கிறது. இச்சட்டத்தின்கீழ் நடக்கும் நடவடிக்கைகளின்போதோ அவை தொடர்பாகவோ அறிந்ததை வெளியிட்டவருக்கு 1 இலட்சம் ரூபாய் வரை அபராதம். சிறை இல்லை. மாநிலந்தோறும் குறைகேள் அதிகாரி ஒருவரை அமர்த்தச் சொல்கிறது. ஆனால் முறையீடு செய்ய வருபவன் முதலில் தன் நோயை ஒப்புக்கொண்டு ஓர் அலுவலகப் படியேற வேண்டும். எத்தனை பேர் ஏறுவார்கள்?

2017 ஆகஸ்டு 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தனிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டின் மனநலச் சட்டம் மனநோயாளிகளின் இரகசியத்தைக் காத்தது. 2023-இல் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. மருத்துவக் குறிப்புகளைத் தனிக் கவனத்திற்குரியவை என 2011-ஆம் ஆண்டு விதிகள் பிரித்து வைத்திருந்தன. புதிய சட்டம் அப்பிரிவினையைச் செய்யவில்லை. தொலைபேசி எண்ணும் நோயின் பெயரும் அதில் ஒரே வகைத் தரவு. எனக்கு இது பின்னடைவாகவே படுகிறது.

சட்டங்கள் காப்பது கோப்பை. நம் மாவட்டத்து ஏழையின் இரகசியம் கோப்பிலிருந்து கசிவதில்லை, வரிசையிலிருந்து கசிகிறது. வசதியுள்ளவர் பெங்களூரில் தனி அறையில் மருத்துவரைக் காண்கிறார். கட்டணத்தோடு மௌனத்தையும் விலைக்கு வாங்குகிறார். ஏழைக்குச் சிகிச்சை இலவசம். அதற்கு அவன் கொடுக்கும் விலை அவன் பெயர். காசநோய் 2012 முதல் அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய். 2018 முதல் மருந்துக் கடைக்காரரும் அறிவிக்கக் கடமைப்பட்டவர். நோயாளியின் உணவுக்காக மாதந்தோறும் 500 ரூபாய் தந்து, 2024-இல் அதனை 1000 ஆக்கிய திட்டம் உண்மையிலேயே நல்ல திட்டம். ஆனால் அதைப் பெற ஆதாரும் வங்கிக் கணக்கும் வீட்டு முகவரியும் தர வேண்டும். பணியாளர் வீடு தேடி வருவார். எதிர்வீட்டுத் திண்ணையில் இருப்பவர் பார்ப்பார். பொது நலத்திற்கு நோயை எண்ணியாக வேண்டும் என்பதை மறுப்பதற்கில்லை. எண்ணுவதற்கும் கூவுவதற்கும் இடையே உள்ள தொலைவைத்தான் நாம் இன்னும் கற்கவில்லை.

கொரோனாக் காலத்தில் இதை எல்லாரும் கண்டோம். 2020-இல் வீட்டுக் கதவுகளில் அறிவிப்பு ஒட்டினார்கள். சென்னையில் வாசலைத் தகரத்தால் அடைத்ததும் உண்டு. தகுதியுள்ள அதிகாரி பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் தனியே ஆணையிட்டாலன்றி இவ்வாறு ஒட்டலாகாது என்று உச்சநீதிமன்றம் அவ்வாண்டு டிசம்பர் 9 அன்று கூறியது. அதற்குள் ஒட்டிய தாள்கள் வெயிலில் வெளுத்திருந்தன.

தருமபுரிக்கே உரிய இன்னொரு துன்பமும் உண்டு. இளவயதுத் திருமணங்கள் மிகுந்த மாவட்டம் இது. பதினேழு வயதில் கருவுற்ற பெண் ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் சென்றால், 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குத் தகவல் தர வேண்டியது மருத்துவரின் கடமை. சிறுமியரைக் காக்க வந்த சட்டம் அது. அதன் தேவையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கணவனோ தந்தையோ சிறைக்குப் போவார் என்று அஞ்சிய குடும்பம் பெண்ணை மருத்துவமனைக்கே அழைத்து வராமல் வீட்டில் மறைத்து வைப்பதும் நடக்கிறது. 2022 செப்டம்பர் 29 அன்று உச்சநீதிமன்றம், கருக்கலைப்பு நாடி வரும் சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் அவள் விரும்பாவிடில் மருத்துவர் அறிக்கையில் தர வேண்டியதில்லை என்றது. கருக்கலைப்பைப் பற்றித் திருஅவையின் போதனை யாவரும் அறிந்தது. அதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் பிள்ளையைப் பெற்றெடுக்க விரும்பி வருகின்ற சிறுமிக்கு அத்தகைய மறைப்பு ஏன் இல்லை என்ற வினா எனக்குண்டு. பேறுகால எண் பெறத் தன் வயதையும் பெயரையும் அவள் பதிந்தே ஆக வேண்டும்.

இரகசியம் காத்தல் என்றால் உரியவரிடமும் சொல்லாதிருத்தல் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2018-இல் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்றிருந்த ஒரு பெண்ணுக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள இரத்தம் ஏற்றப்பட்டது. கொடுத்தவர் இருபது வயதும் நிரம்பாத இளைஞர். ஈராண்டுகளுக்கு முன் அவர் தானம் செய்தபோதே தொற்று தெரிந்திருந்தும் அவரிடம் சொல்லப்படவில்லை என்று செய்திகள் கூறின. வெளிநாட்டு வேலைக்கான சோதனையில் உண்மை தெரிந்ததும், தாம் கொடுத்த இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தாமே முன்வந்து சொன்னவர் அவர். அதற்குள் ஏற்றப்பட்டுவிட்டது. நாடே அதைப் பேசியது. மனம் உடைந்த அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்று, டிசம்பர் 30 அன்று மதுரையில் இறந்தார். தெரிய வேண்டியவருக்குத் தெரிவிக்காத ஓர் அமைப்பு, தெரியக்கூடாத அனைவருக்கும் தெரியவிட்டது. உண்மையைச் சொன்ன ஒரே மனிதர் அவர்.

இவற்றையெல்லாம் பிறரைக் குறைசொல்லும் தகுதியோடு நான் எழுதவில்லை. உதவிப் பங்குத்தந்தையாக இருந்த நாட்களில், ஒரு தாய் பூசைக்கு முன் வந்து தம் மகளுக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார். திருப்பலியில் விசுவாசிகளின் மன்றாட்டு வேளையில், காசநோயால் வருந்தும் நம் சகோதரிக்காக என்று தொடங்கி, பெயரையும் ஒலிபெருக்கியில் சொன்னேன். கோவில் முழுவதும் “ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்” என்றது. அப்பெண்ணுக்கு அப்போது வரன் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதை அடுத்த வாரம் அறிந்தேன். தாய் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. “நீங்க நல்லதுக்குத்தான சாமி சொன்னீங்க” என்றார். அதற்குப் பின் அக்குடும்பம் வேறு ஊர்க் கோவிலுக்குப் பூசைக்குப் போகத் தொடங்கியது. ஒப்புரவுத் தொட்டியில் கேட்டிருந்தால் நான் உயிர் போனாலும் சொல்லியிருக்கமாட்டேன். சக்கிறீத்து வாசலில் கேட்டதைப் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டேன்.

இப்போது என் பங்கில் நோயாளருக்கான மன்றாட்டில் நோயின் பெயர் சொல்வதில்லை. ஆளின் பெயரும் அவரே கேட்டால்தான். பீடத்தின் அருகே ஒரு மரப்பெட்டி வைத்திருக்கிறோம். வேண்டுதலை எழுதிப் போடுகிறார்கள். பூசைக்குப் பின் படித்துவிட்டுக் கோவில்பிள்ளை அவற்றை எரித்துவிடுவதுதான் வழக்கமாக இருந்தது. அவர் படிப்பதையும் சென்ற ஆண்டு நிறுத்தினோம். இப்போது மடித்தபடியே காணிக்கைத் தட்டில் வைத்துப் பீடத்திற்கு எடுத்துச் செல்கிறோம். பெட்டியில் விழும் சீட்டுகள் முன்னைவிடக் கூடியிருக்கின்றன.